போகிறவர்கள் ஊன்றும் கிழங்கு

பிப்ரவரி 3

இன்று கொல்லையில் உருளைக்கிழங்கு ஊன்றினேன். விதைக் கிழங்கைக் கண் பார்த்து வெட்டி, வெட்டின வாயில் அடுப்புச் சாம்பல் தடவி, நேற்றே சாக்கில் பரப்பி வைத்திருந்தேன். ஒரு துண்டில் ரெண்டு கண்ணாவது இருக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். ஒற்றைக் கண் துண்டு கையில் அகப்பட்டால், "இது ஒத்தையா மண்ணுக்குள்ள என்ன செய்யும், பாவம்லா" என்று குழம்புச் சட்டிக்கு அனுப்பிவிடுவார்.

நாலு முழுக் கிழங்கை மட்டும் வெட்டாமல், ஓலைப்பெட்டியில் சாம்பல் போட்டு ஒதுக்கிவைத்தேன். எங்காவது முளை வராமல் போனால் அந்த இடத்தில் ஊன்றலாம்.

அவர் வெளியே போயிருக்கிறார். பொங்கல் கழிந்த வாரம், விடிந்தும் விடியாத பனிமூட்டத்தில் இறங்கிப் போனவர். இப்போதெல்லாம் அவருக்கு வழி மறந்துபோகிறது. வந்துவிடுவார். வந்ததும், "இன்னிக்கி என்ன விசேசம், பிரமு?" என்று கேட்பார். சாயங்காலம் தவறாமல் கேட்கிற கேள்வி அது. நானும் இந்த லைன் வீட்டு வரிசை முழுக்க நடந்ததை ஒன்றுக்கு ரெண்டாகச் சொல்லுவேன். இத்தனை நாள் நடந்ததை மொத்தமாகக் கேட்டால் எனக்கு நினைவு நிற்குமா? அதற்குத்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. மகள் கோமு சிலேட்டில் எழுதினபோது பக்கத்தில் உட்கார்ந்து பழகினது. அவள் மூணாம் வகுப்புக்குப் போன வருஷம் தேயிலைக் கொழுந்து எடுப்பு அதிகமாகி, என் படிப்பு அதோடு நின்றது. அவள் மேலே படித்துப் போய்விட்டாள்.

இந்தக் கரடிச்சோலை எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. லைன் வீட்டைக் காலி செய்து போகிறவர்கள், கொல்லைப் பாத்தியில் நாலு விதைக் கிழங்கு ஊன்றிவிட்டுத்தான் போவார்கள். அடுத்து வருகிறவர்களுக்கு முதல் குழம்பு அது. கல்யாணமான புதுசில் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது, உள்ளே அடுப்புக்கல்கூட இல்லை. கொல்லையில் நாலு செடி நின்றது. அவர் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு செடியின் தண்டைத் தடவிப் பார்த்து, "இந்த வீட்டுக்காரவ போயி ரெண்டு மாசம் ஆயிருக்கும். பெறவு களை எடுக்க ஆளில்ல" என்றார். ஆபீசில் விசாரித்தால் அப்படியே. முகம் தெரியாத ஒருத்தி ஊன்றின கிழங்கில்தான் எங்கள் குடித்தனம் தொடங்கியது. அவள் பேர் என்ன, எந்த ஊர்க்காரி என்று இன்றுவரை தெரியாது.

எங்கே தொடங்கி எங்கே போய்விட்டேன். கிழங்கு ஊன்றியாயிற்று.

பிப்ரவரி 11

காலையில் ஆள் எண்ணும் களத்தில் எஸ்தாக்கி சார் ஒரு தாளை வாசித்தார். அவர்தான் எங்கள் டிவிஷனுக்கு ஃபீல்டு ஆபீசர். குத்தகை முடிந்துவிட்டதாம். மலை திரும்பக் காட்டு இலாகாவுக்குப் போகிறதாம். மே மாசம் முடிவதற்குள் எல்லாரும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம்.

 நான்தான் கேட்டேன்.

"சார், நான் இப்பத்தான் கெழங்கு ஊன்றியிருக்கேன். எடுத்துட்டுத்தான் போவ முடியும்."

"எடுத்துட்டே போங்கக்கா. மே மாசம் கெழங்கும் முத்திரும்."

பின்னாலிருந்து ரோணிக்கம் சத்தம் கொடுத்தாள். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. நாக்கில் மிளகாய் அரைத்து வைத்திருப்பாள். "யக்கா, சாருக்கும் ஒரு பாத்தி போட்டுக் குடு. அவியளுக்கும் போக்கிடம் இல்லல்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தாக்கி சாரும் சிரித்தார். சிரித்து முடித்தபிறகு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

எனக்குக் கிழங்கு ஒரு பேச்சுக்குத்தான். நான் போய்விட்டால் அவர் எந்த வாசலில் வந்து நிற்பார்? சொந்த ஊர் மறந்துவிட்டது. மகள் இருக்கிற திருப்பூர் மறந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த வீடு இது ஒன்றுதான்.

பிப்ரவரி 12

முளை வரவில்லை. பாத்தியைக் கிளறக் காட்டுப்பன்றியும் வரவில்லை.

பிப்ரவரி 25

பாத்தி முழுக்க முளை தலைகாட்டிவிட்டது. ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. பெட்டியில் இருக்கிற நாலும் தேவைப்படாது.

ரோணிக்கம் வேலிப் பக்கம் வந்து நின்றாள். அவள் வந்து நின்றால் சும்மா நிற்கமாட்டாள்.

"யக்கா, அண்ணாச்சி துண்டைத் தொவச்சுக் காயப்போட்டிருக்கியே. அத போலீஸ்காரவ கேக்கமாட்டாவளா?"

"கேட்டாவ, பாத்தாவ, திருப்பிக் குடுத்துட்டாவ. அழுக்குத் துண்ட ஒங்க அண்ணாச்சி வந்து கட்டுவாவளா?"

அவள் கையிலிருந்த முருங்கைக் கீரையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

துண்டு கிடந்தது பெரிய பள்ளத்து விளிம்பில். கூட ஒற்றைச் செருப்பும் கிடந்தது. ஆட்கள் கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள். கீழே ஓடை வேகமாகப் போகிறது, அதற்கு அப்பால் காடு. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றால் அங்கே இல்லை என்றுதானே அர்த்தம்? வெயில் ஏறினதும் துண்டைக் கழற்றிப் போட்டிருப்பார். செருப்பு அறுந்திருக்கும். அறுந்த செருப்பை யார் சுமப்பார்?

மார்ச் 8

செடிக்கு மண் அணைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

மண் அணைக்கிறதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. கிழங்கு வெளியே தெரிந்தால் வெயில் பட்டுப் பச்சை ஓடிவிடும், தின்றால் வாந்தி. அதனால் குழந்தைக்குப் போர்வை இழுத்து விடுகிற மாதிரி இழுத்து இழுத்து அணைப்பார். மகள் பேரை மறந்தார். அவள் வந்தபோது, "ஆஸ்பத்திரில இருந்து வந்த நர்சம்மாவா?" என்று கேட்டார். கோமு உள்ளே போய் அழுதாள். கக்கூஸ் எந்தப் பக்கம் என்பதையும் மறந்தார். ஆனால் கொல்லைக்கு இறங்கி ஒரு செடியைத் தொட்டால், எந்த மாசம் ஊன்றினது, எத்தனை தரம் தண்ணீர் கண்டது, எல்லாம் அந்த வாயில் வரும்.

தலை நன்றாக இருந்த காலத்தில் கல்யாண வீடுகளில் இவரோடு பந்தியில் உட்காரவே கூச்சமாக இருக்கும். இலையில் பொரியல் விழுந்ததும் ரெண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, "இது சமவெளிக் கெழங்கு. மாவே இல்ல" என்பார். ஒருதரம் மாப்பிள்ளையின் தாய்மாமா காதில் விழுந்து, "ஆவுடையப்பன் அண்ணாச்சி, மொய் எழுதவா வந்தீரு, கெழங்கு சோதிக்கவா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அந்தக் கல்யாணத்தில் எங்களுக்குப் பாயசம் வரவில்லை.

மார்ச் 21

கோமு வந்தாள். வந்ததும் வராததுமாக, தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் பேச்சை எடுத்தாள்.

"யம்மா, பங்குனி முடியதுக்குள்ள அப்பாவுக்குக் காரியம் பண்ணிரணும். சித்தப்பாகூடப் பேசிட்டேன்."

"யாருக்கு?"

"யம்மா..."

"உசுரோட இருக்க மனுசனுக்கு எவளாவது காரியம் பண்ணுவாளா? நல்ல மக பெத்தேன்!"

"எங்க இருக்காவ? சொல்லு, நான் போய்க் கூட்டியாரேன். எங்க?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த அரிசியையே திரும்பவும் களைந்தேன்.

"ஒடம்பு கெடைக்கலன்னா அவிய உடுத்துன துணியை வச்சுப் பண்ணலாம்னு பூசாரி சொல்லுதாரு" என்றாள். அவள் கண் கொடியில் கிடந்த துண்டின்மேல் நின்றது. நான் போய் அதை எடுத்து, என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"எள்ளும் தண்ணியும் இன்னும் எறைக்கலையேம்மா அவியளுக்கு. தாகமா திரிவாவன்னு எனக்குச் சொப்பனமா வருது" என்று சொல்லிக் கோமு அழுதாள். அவள் அழுகிறபோது அவர் அழுகிற மாதிரியே இருக்கிறது. கீழுதடு முன்னால் வரும்.

கடைசியில் நான்தான் சொன்னேன், கிழங்கை எடுத்துவிட்டு வருகிறேன், அப்புறம் எதுவானாலும் பேசலாம் என்று. கிழங்கு முத்துவதற்குள் அவர் வந்துவிடுவார். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். ஓடையிலிருந்து சுமந்து ஊற்றினேன். கால் முழுக்க அட்டை.

ஏப்ரல் 17

செடி பூத்திருக்கிறது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். பார்க்க ஆள் இல்லை. எங்கள் லைனில் இப்போது நானும் ரோணிக்கம் குடும்பமும்தான். மற்ற வீடுகளில் கதவு நிலையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வீட்டுக்குள் காட்டுமாடு நின்றுகொண்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கிறது, வாடகைக்கு வந்த மாதிரி.

ஒரு வீட்டுப் பாத்தியிலும் யாரும் விதைக் கிழங்கு ஊன்றிவிட்டுப் போகவில்லை. நான் ஒவ்வொரு கொல்லையாகப் போய்ப் பார்த்தேன்.

சாயங்காலம் ஓடையில் குடத்தை முக்கிக்கொண்டிருந்தேன். மூட்டத்துக்குள் மேட்டு வழியில் ஒருத்தர் வந்தார். இடது தோள் தாழ்ந்த நடை. குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது ஞாபகத்தில் இல்லை. "ஆவுடையப்பா, ஆவுடையப்பா" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்ட காட்டு இலாகா வாட்சர் அது.

"யம்மா, ஆனை எறங்கியிருக்கு. இந்நேரத்துக்கு இங்க என்ன செய்தீய? வீட்டுக்குப் போங்க" என்றார்.

குடம் தண்ணீரில் போய்விட்டது. பித்தளைக் குடம். அவர் வந்தால் குடம் எங்கே என்று கேட்பார்.

மே 1

கீழ் இலைகள் பழுக்கத் தொடங்கியிருக்கின்றன. வெயில் அதிகம். செடிக்குத் தாகமாக இருக்கும். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன்.

மே 5

ரோணிக்கம் வேலியைத் தாண்டியே வந்துவிட்டாள்.

"ஏக்கா, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? இலை பழுக்கும்போது எவளாவது தண்ணி ஊத்துவாளா? நிறுத்தி, காயவிட்டுல்லா எடுக்கணும். கெழங்கு என்னத்துக்கு ஆவும்?"

"எனக்குச் சொல்லித் தாரியாட்டி? ஒன் வேலையப் பாரு."

"எல்லாம் எனக்குத் தெரியும்க்கா. செடி பச்சையா நின்னா எஸ்தாக்கி சார்ட்ட இன்னும் முத்தலன்னு சொல்லி நாளக் கடத்தலாம், அதான?"

நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். இப்போது இருப்பது பிளாஸ்டிக் குடம். லேசு. அதனால் கூட ரெண்டு நடை போக முடிகிறது.

மே 9

ரோணிக்கம் போய்விட்டாள். சாமான் ஏற்றின ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் மாதா படத்தை வைத்துக்கொண்டாள்.

"பாத்தியில கெழங்கு ஊன்றினியாட்டி?" என்று கேட்டேன்.

"யாருக்குக்கா ஊன்ற? காட்டுமாட்டுக்கா?"

ஜீப் கிளம்பினபிறகு தலையை வெளியே நீட்டி, "தண்ணி ஊத்தாதக்கா" என்று கத்தினாள். வளைவு திரும்புகிறவரை கத்திக்கொண்டே போனாள்.

லைன் முழுக்க ஒரு அடுப்புதான் புகைகிறது. ஒரு விதத்தில் நல்லது. தூரத்தில் வருகிறவருக்கு எந்த வீடு என்று குழப்பம் வராது.

மே 12

தண்ணீர் ஊற்றினேன்.

மே 20

எஸ்தாக்கி சார் வந்தார். கரண்டை நிறுத்திவிட்டார்கள், கடைசி வண்டி முப்பதாம் தேதி, அதற்கப்புறம் கூரையைப் பிரித்துவிடுவார்கள் என்றார். நான் அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போனேன்.

"நீங்களே பாருங்க சார். இன்னும் பச்சையாத்தான நிக்கி. எளசு. இன்னும் கொஞ்ச நாளு வேணும்."

அவர் செடியைப் பார்க்கவில்லை. மூக்கைச் சுளித்தார். குத்தவைத்து உட்கார்ந்து மண்ணுக்குள் விரலை விட்டார். எடுத்தபோது விரலில் வெள்ளையாய்க் கூழ் மாதிரி ஒட்டியிருந்தது. நாற்றம் எனக்கும் அடித்தது. முன்னாலேயே எனக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஏதோ எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"அக்கா, அழுகிப் போச்சு."

"ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்."

"இல்லக்கா. பாத்தியே போச்சு."

விரலைப் புல்லில் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சிய நானும்தான் தேடுனேன். அந்தப் பள்ளத்துல எறங்குன மொத ஆளு நான்தான்" என்றார். அப்புறம், "கீழ உள்ள செக்போஸ்ட்ல, பஸ் ஸ்டாண்டுல, போலீஸ் ஸ்டேஷன்ல, எல்லாத்துலயும் கோமு நம்பரைக் குடுத்திருக்கேன். வந்தா சொல்லுவாங்க" என்றார்.

வந்தால் என்றார். வரும்போது என்று சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

மே 27

கோமு வந்துவிட்டாள். ரெண்டு பேருமாகக் கிழங்கு எடுத்தோம்.

திட்டுவாள் என்று நினைத்தேன். மூக்கில் சேலையைக் கட்டிக்கொண்டு, மண்வெட்டி பிடித்தாள். ஒவ்வொரு செடியாகப் பிடுங்கினால், தொங்குவதெல்லாம் தோல் மட்டும். உள்ளே ஒன்றுமில்லை. கை பட்டதும் கரைகிறது. அவர் பார்த்திருந்தால் என்னை அடித்திருப்பார். அடிக்கிற மனுஷர் இல்லை. இதற்கு அடித்திருப்பார்.

கடைசி வரிசை மேட்டுப் பக்கம். அங்கே தண்ணீர் நிற்காது. அதில் கொஞ்சம் நல்ல கிழங்கு அகப்பட்டது. என் ரெண்டு கையிலும் அடங்குகிற அளவு.

"யம்மா, இது போதும். அவிச்சுத் திம்போம்" என்றாள் கோமு.

உப்புப் போட்டு அவித்தோம். அந்தப் பக்கம் வந்த எஸ்தாக்கி சாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம். காந்தாரி மிளகாயும் உப்பும் நசுக்கி, தொட்டுத் தின்றோம். தோலை உரித்துக்கொண்டே கோமு ரெண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, "மாவே இல்ல" என்றாள், அவர் சொல்கிற மாதிரியே. நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். எஸ்தாக்கி சாருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தான இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சிரித்து முடிக்கிறபோதே எனக்கு அழுகை வந்தது. கோமுவின் அப்பா போனபிறகு இதுதான் முதல் அழுகை. கோமு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

மே 30

விடியற்காலை சாமான் கட்டும்போது கட்டிலுக்கு அடியில் ஓலைப்பெட்டி இருந்தது. மறந்தே போனேன். அல்லது மறந்துபோக வேண்டும் என்று இருந்தேனோ, தெரியவில்லை. உள்ளே அந்த நாலு கிழங்கு. தோல் சுருங்கி, வயசாளி முகம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு கண்ணிலும் குட்டையாய், கட்டியாய், ஊதா நிறத்தில் முளை.

பெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு இறங்கினேன். அழுகின மண்ணில் வைக்கக்கூடாது. மேட்டுப் பக்கம் புது மண் கொத்தி, சாம்பல் தூவி, நாலையும் ஊன்றினேன். மண்ணை நன்றாக அணைத்தேன், போர்வை இழுத்து விடுகிற மாதிரி.

கோமு வாசலில் நின்றாள்.

"யம்மா, வண்டி வந்துட்டு. யாருக்கு ஊன்றுத? இனி இந்த வீட்டுக்கு யாரு வரப்போறா?"

"பழக்கம்லா" என்றேன்.

வீட்டைப் பிரித்துவிடுவார்கள். கதவு இருக்காது, கூரை இருக்காது. பாத்தியை யார் பிரிப்பார்கள்? வந்து நிற்கிறவர் எங்கே வீடு என்று திகைத்தாலும் கொல்லைப் பக்கம் கால் தானாக இறங்கும். இறங்கினால் செடி நிற்கும். குத்தவைத்து உட்காருவார். தண்டைத் தடவிப் பார்ப்பார். இன்னாரு போய் இத்தனை மாசம் என்று அந்த வாயில் வந்துவிடும். மண் அணைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால், பிரமு என்ற பேரும் வரலாம்.

கையைக் கழுவிவிட்டு உள்ளே போனேன். கொடியில் இருந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, கோமுவின் பைக்குள் வைத்தேன். அவள் பார்த்தாள்.   பை ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, என் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினாள்.

ஜூன் 20, திருப்பூர்

இங்கே ஒரே வெயில். மலையில் மழை பிடித்திருக்கும். இந்நேரம் முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும்.